லைட்டு நைனாவின் மங்கலான டி.வி.

ஒரு காலத்தில் திருத்தணியில் கறுப்பான மனிதர் ஒருவர்கூடக் கிடையாது, போட்டோக்களிலாவது கிடையாது. அந்தப் பெருமை முழுக்க லைட்டு நைனாவையே சேரும்.

மலைக்குப் போகும் சாலையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். எதிரே யார் உட்கார்ந்தாலும், "லைட்டு பத்தல நைனா" என்பார். தாசில்தாரும் நைனாதான், கைக்குழந்தையும் நைனாதான். அப்படி வந்த பெயர். கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருந்தேன்.

டிஜிட்டல் கேமரா வந்த சில வருஷத்தில் அவருடைய பழைய மானிட்டர் புகைந்து போனது. பதிலுக்கு ஒரு தட்டை டி.வி.யை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். "மூஞ்சி இம்மாம் பெருசா தெரியுது பாரு நைனா!" என்று தலைகால் புரியாமல் திரிந்தார்.

வேலை பார்க்கும்போது கண் கூசக் கூடாதென்று வாசல் திரையை இழுத்து மூடிக்கொள்வார். உடனே டி.வி. மங்கும். "இன்னாடா, எல்லாரும் இருட்டா வந்துகினு கீறாங்க" என்று படத்தில் வெளிச்சத்தை ஏற்றுவார். இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். திருவாலங்காட்டில் வெயிலில் கரும்பு வெட்டுகிறவர்கூட, பிரிண்டில் மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி இருப்பார். ஜனங்களுக்குப் பரம திருப்தி. கே.ஜி.கண்டிகையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து எடுத்துக்கொண்டார்கள்.

வினை சுமதி உருவத்தில் வந்தது. அவள் லாரி டிரைவர் ஒருவரின் மகள். அவள் போட்டோவைப் பார்த்துவிட்டு நகரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், காபி கொண்டுவந்து கொடுத்த சுமதியிடமே, "பொண்ண வரச் சொல்லும்மா" என்றார்களாம். பிறகு விஷயம் தெரிந்து, பாதிக் காபியில் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் மகளோடு வந்த டிரைவர், "வெளிய வாய்யா!" என்று திரையைப் பிடித்து இழுத்தார். வெயில் உள்ளே பாய்ந்தது. மங்கிக் கிடந்த டி.வி. தானாகப் பளிச்சென்று ஆனது. இன்னொரு பிரதி போட அதில் திறந்து வைத்திருந்த சுமதியின் முகம் சுண்ணாம்புச் சுவராக வெளுத்தது.

"இது நானில்லீங்க," என்றாள் சுமதி. "என்னைப் பாத்துட்டு வேணாம்னு சொல்லியிருந்தா பரவால்ல. இவளைப் பாத்துட்டு என்னை வேணாம்னுட்டாங்க."

நைனா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

டி.வி.க்குக் கீழே குன்றிமணி அளவில் ஒரு கண் இருந்தது. அறையின் வெளிச்சத்தைப் பார்த்து அதுதான் டி.வி.யை மங்கவைக்கிறது என்றேன். "எங்கடையில லைட்டு பாக்க இது யாரு?" என்று அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். டி.வி. மேலும் இருண்டது. டேப்பைப் பிய்த்து டார்ச் அடித்தார். பேட்டரி தீரும்வரை ஜோராக இருந்தது. கடைசியில் இருவரும் ரிமோட்டோடு உட்கார்ந்தோம். நடுவில் எழுத்தெல்லாம் ஏதோ அயல்நாட்டு பாஷைக்கு மாறி, மீண்டு வருவதற்குள் வியர்த்துவிட்டது. ஒருவழியாகத் தானாக மங்கும் வசதியைத் தேடிப்பிடித்து அணைத்தோம். வாசல் திரையை மூடிப் பார்த்தோம். மங்கவில்லை.

நைனா கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே சுமதி வீட்டுக்குப் போனார். வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்தார். பிரிண்ட்டைப் பார்த்து, "ஆங், இது நான்தான்" என்றாள். அந்தப் படத்தைப் பார்த்துப் புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் நேராக அவளைப் பார்த்துச் சிரித்தாராம். கல்யாணம் மலைமேல் நடந்தது.

வியாபாரம்தான் படுத்துவிட்டது. "முன்ன மாதிரி வெள்ளையா வரலியே?" என்று கேட்டவர்களிடம், "நீ வந்து உக்காந்தா நீதான் வருவ நைனா" என்றார். பாதிப் பேர் திரும்ப வரவில்லை. ஆனாலும் அவர் அந்த டி.வி.யை மறுபடி மங்கவிடவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஊரில் இப்போது ஆளை உள்ளபடி காட்டும் நல்ல ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. எனக்கு போட்டோ தேவைப்பட்டால் மட்டும், இன்னும் வெள்ளையாக எடுத்துத் தரும் அரக்கோணத்துக்கு ரயிலேறிவிடுகிறேன்.