பூச்சியற்ற நகரத்தில் பறந்த நூல்

மனித நாகரிகம் மூன்று கண்டுபிடிப்புகளின் மேல் நிற்கிறது: நெருப்பு, சக்கரம், விசாரணைக் குழு. முதலாவதைக் கண்டுபிடித்தவன் கையைச் சுட்டுக்கொண்டான். இரண்டாவதைக் கண்டுபிடித்தவன் காலை நசுக்கிக்கொண்டான். மூன்றாவதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. எது உயர்ந்தது என்பது இதிலிருந்தே விளங்கும். அப்படிப்பட்ட ஒரு குழுவில் குறிப்பெழுதும் எழுத்தராக உட்காரும் பேறு எனக்குக் கிடைத்தது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

சம்பவம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. நகராட்சிப் பூங்காவின் புல்வெளி முழுக்க வெள்ளை நூல். வேலியில் நூல், விளக்குக் கம்பத்தில் நூல், சறுக்குமரத்தில் நூல், நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வுபெற்ற நீதிபதியின் மீசையில் நூல். வெயில் பட்டதும் எல்லாம் மினுமினுத்தன, நீதிபதி உட்பட. தொட்டால் விரலில் ஒட்டியது, ஊதினால் பறந்தது. பத்து மணிக்கு அது 'நோய் பரப்பும் நூல்' என்றார்கள். பதினொரு மணிக்கு அதுவே நோய் தீர்க்கும் என்று ஆளுக்கொரு பிடி பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். மாலைக்குள் பூங்கா வாசலில் 'நூல் தியானம்' என்று ஒரு வகுப்பே தொடங்கிவிட்டது. ஒரு நூலை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். தும்மாமல் இருப்பவருக்கு ஞானம்.

என் மனைவி மட்டும் மொட்டைமாடியில் போர்வையை எடுத்து உதறிக்கொண்டே, "எட்டுக்கால் பூச்சி விடற நூலுங்க இது. ஒரு உதறு உதறுனா போயிடும்" என்றாள்.

நான் பாய்ந்து போய் மாடிக் கதவைச் சாத்தினேன். "சத்தமாப் பேசாதே! பக்கத்து வீட்டுல கேட்டா என் வேலை என்னாகறது?"

"ஏன், பூச்சின்னா கெட்ட வார்த்தையா?"

கெட்ட வார்த்தைதான். காரணத்தை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். சென்ற ஆண்டு எங்கள் நகராட்சி 'பூச்சியற்ற நகரம்' என்ற கேடயத்தை வென்றது. மற்ற ஊர்க்காரர்கள் பாவம், வீதி வீதியாக மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம்: 'இந்நகர எல்லைக்குள் பூச்சிகள் இல்லை.' தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பூச்சிகள் தரப்பிலிருந்து எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை. அன்று முதல் மாதந்தோறும் 'பூச்சி இன்மைச் சான்றிதழ்' தட்டச்சு செய்வது என் வேலை. கொசு கடித்தால் ஒரு கையால் சொறிந்துகொண்டு மறு கையால் தட்டுவேன்.

ஆகவே நூல் பூச்சியிடமிருந்து வந்திருக்க முடியாது. வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அந்த 'எங்கிருந்தோ'வைக் கண்டுபிடிக்கத்தான் குழு.

தலைவர், எங்கள் ஆணையர். அடுத்தவர், பொறியாளர். மூன்றாமவர் விண்ணியல் வல்லுநர், அதாவது ஆணையரின் சகலை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் விளம்பரத்துக்காக ஒரு தொலைநோக்கியை நிறுத்தியிருப்பதால் ஊரில் அவருக்கு 'டெலஸ்கோப்' என்றே பெயர். அதன் வழியாகப் பார்த்தால் எதிர்க்கடைத் தையற்காரரின் வழுக்கை எதுவரை முன்னேறியிருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். விண்வெளி ஆய்வில் எங்கள் ஊர் அந்த அளவுக்கு வந்திருந்தது.

"இது செயற்கைக்கோள் முடி" என்று டெலஸ்கோப் முதல் அமர்வைத் தொடங்கி வைத்தார்.

"செயற்கைக்கோளுக்கு ஏது முடி, சகலை?" என்றார் ஆணையர்.

"வயசாயிட்டா எல்லாத்துக்கும் கொட்டும், சகலை."

ஆணையர் தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வாதத்தில் வலு இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

பொறியாளர் தொண்டையைச் செருமினார். "என் கணிப்புல மேகம் நைஞ்சு போச்சு சார். பழைய வேட்டி மாதிரி ஓரம் பிரியுது."

"மேகத்தைப் பராமரிக்கிறது யார் பொறுப்பு?"

"நம்ம பொறுப்பு இல்லை சார்."

"அதை முதல்ல எழுதுங்க" என்றார் ஆணையர் என்னிடம். எழுதினேன். அடிக்கோடும் இட்டேன்.

இரண்டாம் அமர்வில் ஆய்வுக்காக நூலின் மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்தோம். மூவரும் குனிந்து பார்த்தார்கள். நான் தும்மிவிட்டேன். 'மாதிரி அனைவர் கண்ணெதிரிலும் மாயமாக மறைந்தது. இதன் பின்னணியில் உள்ள தொழில்நுட்பம் அச்சுறுத்துவதாக உள்ளது' என்று குறிப்பில் பதிவானது. என் மூக்கின் பெயரை ஆணையர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

மூன்றாம் அமர்வில்தான் தோட்டக்காரம்மா வந்தார். பூங்காவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார், ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு ஆணையரின் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நிரந்தரமானால் மருத்துவ அட்டை வரும். அட்டை வந்தால் காது கேளாத மகளுக்குச் சிகிச்சை நடக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். தட்டச்சு செய்தவன் என்ற முறையில் எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும்.

"கூப்பிடாமயே வந்துட்டேன் சார், மன்னிக்கணும்" என்றார். "இத்தனை பெரியவங்க இதுக்காக மண்டையை உடைச்சுக்கறீங்களேன்னு மனசு கேக்கலை. வருஷா வருஷம் இந்தச் சமயத்துல குட்டி எட்டுக்கால் பூச்சிங்க நூலை விட்டுக் காத்துல பறக்கும் சார். இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஒரு தீப்பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

மிளகளவு சிலந்தி ஒன்று வெளியே வந்தது. நிகழ்ச்சி நிரலின் மேல் நடந்தது. 'பூச்சியற்ற நகரம்' கேடயத்தின் மேல் ஏறி உச்சிக்குப் போனது. அங்கே எட்டுக் கால்களையும் ஊன்றி, நுனிக்காலில் எம்பி, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டியது. ஒரு நூல் நீண்டது, இன்னொன்று நீண்டது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அடுத்த கணம் அந்தச் சிலந்தி மேஜையைக் கடந்து, பொறியாளரின் மூக்கைக் கடந்து, ஜன்னலுக்கு வெளியே ஜம்மென்று போய்விட்டது.

டெலஸ்கோப் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். ஆணையர் முறைத்ததும், "கொசு, சகலை, கொசு அடிச்சேன்" என்று சமாளித்தார். ஊரில் கொசுவும் கிடையாது என்பது நினைவுக்கு வந்ததும் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் ஒளித்துக்கொண்டார்.

"குறிப்பு எழுதுங்க" என்றார் ஆணையர். "மேஜை மேல எதுவும் நடக்கலை. நடந்தது பறக்கலை."

எழுதினேன்.

பிறகு ஆணையர் மிகுந்த கனிவோடு தோட்டக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். அவருடைய கனிவைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதலாம். "ஏம்மா, உன் ஃபைல் எங்கிட்டதான் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஒரு கையெழுத்துதான் பாக்கி. நீ ஒண்ணு போடு, நானும் ஒண்ணு போடறேன். முடிஞ்சுது விஷயம்."

ஆணையர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் அங்கேயே தட்டச்சு செய்து நீட்டினேன்: 'எனது ஒன்பதாண்டுப் பணியில் இப்பூங்காவில் எட்டுக்கால் பூச்சி எதையும் நான் கண்டதில்லை.' பேனாவையும் நானே கொடுத்தேன். தோட்டக்காரம்மா அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். பேனா தாளின் மேல் போய் நின்றது. போட்டுவிடு தாயே என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவருக்காக மட்டும் கெஞ்சவில்லை. அவர் போட்டுவிட்டால் எங்கள் கையெழுத்துகளோடு அதுவும் ஒன்றாகிவிடும், எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் பொண்ணுக்குக் காது கேக்காது சார். அவளுக்கு எல்லாமே கண்ணுதான், என் கை சாடையுந்தான். நேத்து நாங்க ரெண்டு பேரும் வேலியோரம் உக்காந்து இதுங்க பறக்கறதைப் பாத்தோம். அப்படிக் குதிச்சா! அவகிட்டப் போயி, நீ பாத்தது பொய்யின்னு எந்தக் கையால சார் சொல்லுவேன்?"

"அப்ப அட்டை வேண்டாமா?"

"வேணும் சார்." திறந்து கிடந்த தீப்பெட்டியை மூடினார். "ரொம்ப வேணும்."

பேனாவை என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, காலித் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கை எண்பத்து நான்கு பக்கம். முடிவுரையில் செயற்கைக்கோளுக்கும் மேகத்துக்கும் பாரபட்சமில்லாமல் ஆளுக்குப் பாதி நூலைப் பிரித்துக் கொடுத்தோம். கடைசி வரியை நான்தான் இயற்றினேன்: 'இந்நூல் பற்றிய உண்மை தெரிந்தவர் எவரும் இந்நகராட்சியில் பணியில் இல்லை.'

ஆணையர் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். உண்மை விஷயத்தில் அவர் மிகவும் கறாரானவர். "இந்த வரி தப்பாச்சே. அந்தம்மா இருக்காளே?"

"எடுத்துடட்டுமா சார்?"

"வரி நல்லாத்தான் இருக்கு. அந்தம்மாவை எடுத்துடுங்க."

அன்று மாலை நான்கு மணிக்குப் பணிநீக்க உத்தரவைத் தட்டச்சு செய்தேன். நாலரைக்கு வரி உண்மையாயிற்று. ஒரு வரியைத் திருத்துவது எளிது, உலகத்தைத் திருத்தி வரிக்குப் பொருத்துவதற்கு எவ்வளவு நிர்வாகத் திறமை வேண்டும்! அந்தத் திறமையை மேலிடமும் கவனித்தது. 'பிழையற்ற அறிக்கை' என்று எங்களுக்கு இரண்டாவது கேடயம் வந்திருக்கிறது. ஆணையரும் பொறியாளரும் டெலஸ்கோப்பும் நடுவில் நிற்க, ஓரத்தில் நானும் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அறிக்கையில் ஒரே ஒரு பிழை மட்டும் இருக்கிறது. அந்தச் சிலந்தி ஜன்னல் வழியாகப் பறந்து போனதை நானும் பார்த்தேன், நான் இன்னும் பணியில்தான் இருக்கிறேன்.