உப்புக்குப் பயந்த பிக்கப்

மனைவியிடம் ஒரு பொய் சொல்வதற்கு வெண்டல் ஸ்டோர்லி மூன்று வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தார். குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தாகிவிட்டது. பொய் இதுதான்: "பனிக்காலத்துல தினமும் ஓட்டுறதுக்குப் பழைய பிக்கப் மாதிரி வண்டியே கிடையாது."

உண்மை வேறு. 1966-ஆம் வருஷத்துப் பிக்கப் ஒன்றின் மேல் அவருக்குக் காதல் வந்துவிட்டது. தெற்கே இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பழைய வெல்டர் ஆறு வருஷம் இழைத்து இழைத்துப் புதுசாக்கிய வண்டி. உடம்பு நீலம், கூரை வெண்ணெய் நிறம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. ஒரு நாள் காலையில் அந்த விளம்பரம் மேலே தெரிகிற மாதிரி மடித்த பேப்பர் அவருடைய காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

வெறும் ஆசைக்கு ஒரு பொருளை வாங்கினேன் என்று அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற மின்னசோட்டாவில் எவனும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. உபயோகம் சொல்லியாக வேண்டும். அதிலும் வெண்டல் நாற்பது வருஷம் பனியில் நடந்தே தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரில் அதற்கென்று ஒரு மரியாதை இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை "வேண்டாம்" சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை "சரி, உங்க திருப்திக்கு" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே சரி என்று சொல்கிறவனைப் பறக்காவெட்டி என்பார்கள். இந்த விஷயத்தில் அவர் மனைவி மர்லிஸை மிஞ்ச ஆளில்லை. வெண்டல் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டபோதே மூன்று ஞாயிற்றுக்கிழமை இழுத்தடித்தவள். அதனால் அவர் மூன்று தவணைக்கு மூன்று பேச்சு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"மர்லிஸ், ஒரு பழைய பிக்கப் விலைக்கு வருது. வாங்கலாமான்னு..."

"வாங்கேன்."

வெண்டல் இரண்டாவது பேச்சுக்காகப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்க மறந்துபோனார்.

"அறுபத்தாறாம் வருஷத்து வண்டி, மர்லிஸ்."

"இருக்கட்டுமே."

"நீ இன்னும் வேண்டாம்னே சொல்லலியே!"

"எதுக்குச் சொல்லணும்? நல்ல யோசனைதானே. ஆனா வாங்கிட்டுச் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது. தினமும் ஓட்டணும்."

"தினமும்தான்! பனிக்காலம் பூரா. அதுக்குத்தானே வாங்குறதே!"

"ஷெட்டுல என் கார்தான் நிக்கும். உன் வண்டி வெளியில."

"வெளியிலதான்! அது என்ன கண்ணாடிச் சாமானா?"

வண்டி வந்துவிட்டது. சாவியைக் கொடுத்த வெல்டர் "பனியில எடுக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டபோது, வெண்டல் இருமிச் சமாளித்தார். வண்டி வந்த சந்தோஷத்தைவிட, அவள் ஏன் உடனே சரி என்றாள் என்ற கேள்விதான் அவரைக் குடைந்தது. சாப்பிடும்போது குடைந்தது. வண்டியைத் துடைக்கும்போது குடைந்தது. தாங்க முடியாமல் பக்கத்து வீட்டு ரூடியிடம் போனார். ரூடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டுச் சமாச்சாரத்தை உயரத்திலிருந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

"முதல் தடவையேவா?"

"முதல் தடவையே."

"அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சூடு இல்ல."

"நீ ஏதாவது தப்பு பண்ணி மாட்டிக்கிட்டியா?"

"அப்படின்னா முடியாதுன்னுல்ல சொல்லியிருப்பா?"

"அதுவும் சரிதான். அப்ப அவ ஏதாவது தப்பு பண்ணியிருப்பாளோ?"

"மர்லிஸா? லைப்ரரி புத்தகத்தையே ரெண்டு நாள் முன்னாடி திருப்பிக் குடுக்குறவப்பா."

ரூடி தாடையைத் தடவினார். "அரிசோனா பேச்சு எடுத்தாளா?"

"வாயே திறக்கல."

"பதினோரு வருஷமாக் கேட்டுக்கிட்டிருந்தவ இந்த வருஷம் வாயே திறக்கலியா? ஏம்ப்பா, இதுல என்னமோ இருக்கு."

அரிசோனா விவகாரம் ஊருக்கே தெரியும். மர்லிஸின் அக்கா டார்லா அங்கே இருக்கிறாள். அங்கே குளிரும் கிடையாது, பனியும் கிடையாது. மர்லிஸ் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். டிசம்பர் பிறந்தால் அவளுடைய விரல் மூட்டெல்லாம் வீங்கி மடங்காமல் போகும். மூன்று மாதம், வெறும் மூன்று மாதம் தெற்கே போய் இருந்துவிட்டு வரலாம் என்று வருஷா வருஷம் கேட்பாள். வெண்டல் எழுந்து நின்று, "ஸ்டோர்லி வம்சத்துல குளிருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினவன் எவனும் கிடையாது" என்பார். எழுந்து நிற்கிற வேகத்தில் பேச்சு முடிந்துவிடும்.

நவம்பர் எட்டாம் தேதி முதல் பனி விழுந்தது. பின்னாலேயே நகராட்சி வண்டி வந்து, பனி உருகுவதற்காகச் சாலையெங்கும் உப்பு கொட்டிவிட்டுப் போனது. இரும்பை அரிப்பதில் அந்த உப்பை மிஞ்ச ஒன்றும் கிடையாது. இரண்டே பனிக்காலத்தில் கதவு அடியில் ஓட்டை விழும். மூன்றாவதில் ஓட்டைதான் இருக்கும், கதவு இருக்காது. மின்னசோட்டாவில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். வெண்டலுக்கும் தெரியும். ஆசை கண்ணை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாக உப்பைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினார்.

"எங்க நடந்து போற?" என்றாள் மர்லிஸ், பின்னாலிருந்து.

"காபிக் கடைக்கு. நடந்தா காலுக்கு நல்லது."

"வண்டி?"

"வண்டிக்கு... இன்னைக்கு லீவு."

"தினமும் ஓட்டுற வண்டின்னு நீதானே சொன்ன? சொன்ன சொல்லு மாறினவன் ஸ்டோர்லி வம்சத்துல உண்டா?"

வெண்டல் திரும்பி வந்து சாவியை எடுத்தார்.

அதிலிருந்து அந்த வீட்டில் தினம் ஒரு பொருள் தீர்ந்துபோனது. திங்கட்கிழமை வெண்ணெய். செவ்வாய் நூல்கண்டு. புதன் மறுபடியும் வெண்ணெய். "கொஞ்சம் போய் வாங்கிட்டு வந்துடேன், வண்டிதான் இருக்கே" என்பாள். ஒரு நாள் அவர் ஐஸ் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒன்பது வெண்ணெய்ப் பொட்டலம் அடுக்கியிருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிஸ்கெட் சுடப் போகிறாள் போல என்று எண்ணிப் பெட்டியை மூடினார்.

ஒவ்வொரு தடவை போய் வந்ததும் உப்பைக் கழுவியாக வேண்டும். காசு போட்டு நாமே கழுவிக்கொள்கிற கொட்டகை ஊர்க்கோடியில் ஒன்று இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி இருந்த ஒரு மத்தியானம் வெண்டல் அங்கே போனார். சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் தண்ணீர் விட்டு ஆற அமரக் கழுவினார். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவு சாத்தியபடியே உறைந்துவிட்டது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. கண்ணாடியை இறக்கப் பார்த்தார், அதுவும் அசையவில்லை. இன்ஜினும் அன்றைக்கென்று கிளம்ப மறுத்தது. அரை மணி நேரம் கழித்து ரூடி தன் காரைக் கழுவ வந்தார்.

"ஏம்ப்பா, உள்ள மாட்டிக்கிட்டியா?"

"சேச்சே. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"கதவை நெம்பித் தரட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்."

"நிஜமாவே வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா. உள்ள நல்லாத்தான் இருக்கு."

ரூடி திரும்பி இரண்டடி நடந்தார். வெண்டலின் மீசையில் ஐஸ் கட்டியிருந்தது. நல்லவேளை, ரூடி முறை தெரிந்தவர். திரும்பி வந்தார்.

"மூணாவது தடவையாக் கேக்குறேன்."

"சரி," என்றார் வெண்டல், பல் கிட்டிக்க. "உன் திருப்திக்கு."

டிசம்பர் நடுவில் இடது சக்கரத்துக்கு மேலே மிளகு அளவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. துரு. அன்று வெண்டல் சாப்பிடவில்லை. உண்மையாகவே அழுகை வந்தது அவருக்கு. இன்னும் மூன்றரை மாதம் உப்பு இருக்கிறது. ஓட்டினால் வண்டி போகும், ஓட்டாவிட்டால் மானம் போகும்.

அந்த வாரம்தான் டார்லாவின் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. கூடவே ஒரு போட்டோ. டார்லாவும் அவள் புருஷனும் அரைக்கைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெண்டலின் பார்வை அவர்களைத் தாண்டிப் போனது. பின்னால் யாரோ ஒருவருடைய பிக்கப் நின்றது. ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். கதவின் அடியைப் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"டார்லா எப்படி இருக்கா?" என்றாள் மர்லிஸ், உருளைக்கிழங்கை உரித்தபடி.

"யாரு? ஆங்... இருக்கா, இருக்கா."

இரண்டு நாள் கழித்து வெண்டலின் தலையில் ஒரு மகத்தான யோசனை உதித்தது. எப்படித்தான் எனக்கு இதெல்லாம் தோன்றுகிறதோ என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மர்லிஸ், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நாம அரிசோனா போனா என்ன?"

"அரிசோனாவா? ஐயையோ, இப்பவா? வேண்டாம்."

"அக்காவைப் பாத்த மாதிரியும் இருக்குமே."

"அவளப் பாக்க ரெண்டாயிரம் மைலா? வேண்டாம், வெண்டல். குளிருக்குப் பயந்து ஓடிட்டான்னு உன்னைத்தான் ஊர்ல பேசுவாங்க."

"நான் எங்க ஓடுறேன்? வண்டிக்காகப் போறோம். அப்புறம்..." வெண்டல் நிறுத்தினார். சட்டைப்பையில் மூன்றாவது பேச்சு எதுவும் இல்லை. அவள் கையைப் பார்த்தார். கத்தியைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "உன் விரலுக்கும் நல்லதுதானே."

மர்லிஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி," என்றாள். "உன் திருப்திக்கு."

இரண்டு தடவை வேண்டாம், மூன்றாவது தடவை சரி. உலகம் மறுபடி ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று வெண்டல் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் ரூடியிடம், "பேசி வழிக்குக் கொண்டுவந்துட்டேன்ப்பா" என்றார். ரூடி அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லபடியாப் போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

மர்லிஸின் கார் ஷெட்டிலேயே தங்கியது. பிக்கப்பில் கிளம்பினார்கள். கன்சாஸ் வரைக்கும் உப்பு. அங்கே ஒரு கடைசிக் கழுவல். அப்புறம் வெறும் சாலை, மேலே வெயில். மூன்றாம் நாள் பார்த்தால் மர்லிஸின் விரல்கள் டேஷ்போர்டின் மேல் ஏதோ ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருந்தன. பத்து விரலும். பதினோரு வருஷம் இதற்கா எழுந்து நின்றேன் என்று வெண்டலுக்கு வெட்கமாகிவிட்டது. யோசனையாவது நம்முடையதாக இருந்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

டார்லா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சிறு சிறு வீடுகளாக வாடகைக்கு விடுகிற இடம். அதை நடத்தும் பெட்ரா அம்மாள் ஆபீஸ் மேஜையில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். மர்லிஸ் வெளியே வெயிலில் நின்றுகொண்டாள். வெண்டல் மட்டும் உள்ளே போனார்.

"ஸ்டோர்லிதானே? வாங்க வாங்க. வண்டி நிறுத்தக் கூரை போட்ட இடம் கேட்டிருந்தீங்க, தயாரா இருக்கு."

"கூரையா? நான் கேக்கலியே."

"உங்க வீட்டம்மா கேட்டிருந்தாங்க. இதோ பாருங்க."

பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். ஸ்டோர்லி, இரண்டு பேர், ஜனவரி முதல் மார்ச் வரை. பதிவு செய்த தேதி ஆகஸ்ட் பத்து. வெண்டல் விரல் விட்டு எண்ணினார். அவர் அந்த விளம்பரத்தையே செப்டம்பரில்தான் பார்த்தார். தேதிக்குக் கீழே குறிப்பு ஒன்று இருந்தது: 'பழைய பிக்கப் ஒன்று வரும். அதைக் காப்பாற்றக் கணவரும் கூடவே வருவார்.'

"என்ன வண்டி, எவ்வளவு நீளம்னு அப்பவே கேட்டேன்," என்றாள் பெட்ரா அம்மாள். "இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்னாங்க."

வெண்டல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மர்லிஸ் பிக்கப்பில் சாய்ந்து, விரல்களை விரிப்பதும் மடக்குவதுமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

"களைச்சுப் போய்த் தெரியறீங்களே. காபி தரட்டுமா?"

"குடுங்க," என்றார் வெண்டல், முதல் தடவையிலேயே.