மணல் ஏறாத கார்

இந்தக் காருக்குள் ஒரு பிடி மணல்கூட ஏறக்கூடாது என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் சபதம் செய்தேன். செய்த இடம் சர்ச் வாசலில் காபி ஊற்றும் மேஜை. சாட்சிக்கு நாற்பது பேர். அதில் பாதிப் பேர் இப்போது சுரங்க மேட்டுக் கல்லறையில் படுத்திருக்கிறார்கள். மீதிப் பேருக்குக் காது கேட்காது. இருந்தாலும் சபதம் சபதம்தான்.

கார் சிவப்பு. இரண்டே கதவு. மூக்கு நீளம், பின்பக்கம் லேசு. பின்சக்கரம்தான் தள்ளும். வடக்குக் கோடியில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அக்டோபரில் வரும் பனி ஏப்ரலில்தான் கிளம்பும். ஜன்னல் வரைக்கும் ஏறும். எல்லாரும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருந்தார்கள். மரம் வெட்டியே முதுகு போன எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. வாங்கிவிட்டேன். என் மச்சான் தவுனோ, அதாவது என் மனைவி சைமாவின் அண்ணன், காரை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"அழகா இருக்கு மாப்ளே. ஜூலை மாசத்துக்கு."

"பனியிலயும் ஓட்டுவேன்."

"பின்னாடி கனமே இல்லியே. மேட்டுல ஏறுறப்ப பின்பக்கம் முன்னாடி வந்துரும். டிக்கியில ரெண்டு மூட்டை மணல் போட்டுக்க. எங்க வீட்டுக் கரையில கறுப்பு மணல் சும்மாதான் கெடக்கு."

"மணல் போட்டு ஓட்டறது கிழவிங்க வேலை. என் கார்ல மணல் ஏறிச்சுன்னா, உன் வீட்டு வாசல்ல வந்து கையேந்தி நிக்கறேன்."

"சரி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் என் கார் மேடு ஏறியது. ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும். மார்ச் மாதம் தவுனோவிடம் போய் நின்றேன். "தோத்துட்டேன்னு சொல்லு" என்றேன். அவன் ஏரியைப் பார்த்தான். தன் பூட்ஸைப் பார்த்தான். "ஏறுதுதான்" என்றான். தோற்றேன் என்று வாயில் வரவில்லை. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

ஓட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டாவது கியரில் கிளப்ப வேண்டும். முட்டை மேல் கால் வைப்பது போல மிதிக்க வேண்டும். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங் வளையத்தைத் திருப்ப வேண்டும். மேட்டில் பிரேக்கைத் தொடவே கூடாது. இதையெல்லாம் நான் சைமாவுக்குப் பத்தொன்பது வருஷம் விளக்கினேன்.

"பாத்தியா, நழுவல. எல்லாம் கைதான்."

"ஆமாமா. கைதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

டிக்கியை நான் திறந்ததில்லை. ஓட்டுகிறவன் சாமான் தூக்கமாட்டான். அது சைமாவின் துறை. குளிர்காலத்தில் காரின் பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்த மாதிரி இருக்கும். குளிருக்கு நானும் அப்படித்தான் இருப்பேன். மே மாதம் வந்தால் கார் துள்ளும். அதற்கும் வெயில் பிடிக்கும் போல என்று நினைத்தேன்.

வீட்டில் வேறொரு மர்மம் இருந்தது. என் பழைய பேண்ட்டுகள் காணாமல் போயின.

"சைமா, என் பச்சைப் பேண்ட் எங்க?"

"எது, முட்டி கிழிஞ்சதா?"

"கிழிஞ்சா தச்சு வைக்கணும்."

"எலி கொண்டு போயிருக்கும்."

"முழு பேண்ட்டையுமா?"

"எலிக்கும் குளிருமில்ல."

சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு சவுனா நாள். வீட்டுக்குப் பின்னால் மரக்கொட்டகை, உள்ளே கல் அடுப்பு. சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்கார வேண்டும். ஆம்பளைகள் முதலில். சாதாரணமாகச் சைமா சீக்கிரம் வரச் சொல்லித் திட்டுவாள். வருஷா வருஷம் முதல் பனி விழுகிற வாரம் மட்டும் பாசம் பொங்கும்.

"ஏங்க, இன்னிக்கு ரெண்டாவது தடவையும் தண்ணி ஊத்திட்டு வாங்க. முதுகுக்கு நல்லது."

"ஒரு தடவைக்கே உயிர் போவுது."

"போனா சொல்லி அனுப்புங்க. காபி வைக்கறேன்."

போன வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி மேட்டுக்கு அந்தப் பக்கம், முப்பது மைல். ஒரு நாள் தவறினாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். நவம்பரில் தவுனோ தன் பெரிய வண்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"சைமா, நான் கூட்டிட்டுப் போறேன்னு அந்த ஆள்கிட்ட சொல்லு."

"சைமா, என் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போவேன்னு இந்த ஆள்கிட்ட சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா" என்றாள் சைமா. "அண்ணே, நான் இவர் கூடவே போறேன். கார் ஏறும். என்ன, ஏறுமில்ல?"

கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. அவனிடம் கேட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். பத்தொன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது.

ஒரு நாள்கூடத் தவறவில்லை. சாலையும் பள்ளமும் ஒன்றாய் வெளுத்த நாளிலும் ஏறினேன். போகும்போது அவள் பேசுவாள். வரும்போது தூங்குவாள். ஒருநாள் மேட்டின் பாதியில் கேட்டாள்.

"நான் போயிட்டா அண்ணன்கிட்ட பேசுவீங்களா?"

"மேட்டுல பேச்சுக் குடுக்காத."

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"தோத்தேன்னு அவன் சொல்லட்டும். பேசறேன்."

"அவரு சொல்லமாட்டாரு. சொல்ல முடியாது."

"அப்ப நானும் பேசமாட்டேன்."

"பேசுவீங்க" என்றாள். கடை திறக்கும் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஏப்ரலில், சாலை முழுக்கக் காய்ந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டாள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பனியோடு மல்லுக்கட்டி ஏறியவன் நான். பனி இல்லாத நாளாகப் பார்த்துப் போய்விட்டாள். அவள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

அடக்கத்துக்குப் போட என் கறுப்புப் பேண்ட்டைத் தேடினேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுவது. அலமாரியில் கோட்டு தொங்கியது. பேண்ட் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை, பரணில் இல்லை. கேட்டால் எலி என்று சொல்லவும் ஆள் இல்லை. ஊரில் என் இடுப்புக்குக் கறுப்புப் பேண்ட் வைத்திருக்கிறவன் ஒரே ஒருத்தன். காரை எடுத்துக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றேன்.

"பேண்ட் இருக்கா" என்றேன்.

 தவுனோ உள்ளே தேடப் போகவில்லை. இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது. எடுத்துக் கொடுத்தான். எனக்கு நாலு விரல் நீளம். மடித்துக் குத்திக்கொண்டு என் மனைவியைப் புதைத்தேன். பேண்ட் கேட்பது பேச்சில் சேராது என்று முடிவு செய்து, திரும்பவும் அவனிடம் பேசவில்லை.

அதற்கப்புறம் சவுனாவை மூட்டவில்லை. காபி வைக்க ஆள் இல்லாமல் யாருக்கு வேர்ப்பது. பனி வந்தது. கடைக்கு நடந்தே போனேன். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் ஊரில் எல்லாரும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அவளுக்கு அங்கே அது முதல் கிறிஸ்துமஸ். மெழுகுவத்தியைப் பக்கத்து சீட்டில், அவள் இடத்தில், வைத்தேன்.

இரண்டாவது கியர். முட்டை மேல் கால். மேட்டின் பாதிகூட இல்லை. சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. பிறகு நகர்ந்தது, கீழ்நோக்கி. மூன்று தடவை ஏறினேன். மூன்று தடவையும் வால் முன்னால் வந்தது. கடைசியில் பனிக் குவியலில் போய் உட்கார்ந்தது. மேட்டு மேலே ஒவ்வொரு விளக்காக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கல்லறை மட்டும் இருட்டாக இருக்கும். வளையத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கைதான், எல்லாம் கைதான் என்று நான் சொன்ன கை.

பின்னால் தவுனோவின் வண்டி வந்து நின்றது.

"ஏழு சனிக்கிழமையா வந்துட்டு வந்துட்டுப் போறேன் மாப்ளே. சவுனாவுல புகையே வரல. நீ குளிக்கறதே இல்லியா?"

"நான் குளிச்சா உனக்கென்ன?"

"நீ உள்ள போனாத்தானே நான் டிக்கிய திறக்க முடியும்."

அவன் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாய் இறக்கினான். என் பச்சைப் பேண்ட். என் பழுப்புப் பேண்ட். நான் காட்டுக்குப் போட்டுப் போனது. கால் இரண்டையும் தைத்து, இடுப்பையும் தைத்து, உள்ளே முழுக்கக் கறுப்பு மணல். இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு கூட்டம் நானாக, பனியில் படுத்திருந்தேன்.

"எப்பலருந்து?"

"முதல் வருஷத்திலருந்தே. மணல் என்னுது, தையல் அவளுது. உன்கிட்ட சொன்னா செத்துருவேன்னு சொல்லிட்டா. நான் எப்படி தோத்தேன்னு சொல்றது, நீயே சொல்லு."

"அடக்கத்தன்னிக்கு?"

"டிக்கியிலதான் இருந்துச்சு. நீங்கள்லாம் காபி குடிச்சப்ப எடுத்துட்டேன். வெயில் வந்தா எடுத்துரணும்னு அவ கண்டிப்பா சொல்லியிருந்தா."

கடைசி மூட்டையை இறக்கினான். கறுப்பு. மடிப்புக்கூடக் கலையவில்லை. என் கல்யாண, சாவுப் பேண்ட். அதை டிக்கியில் வைத்துக்கொண்டுதான் அதைத் தேடி இவன் வாசலுக்குப் போயிருக்கிறேன்.

"இது நல்ல பேண்ட்டாச்சே" என்றேன்.

"போன குளிர்ல அவ தச்சப்ப நானும் கேட்டேன். 'அத இனிமே ஒரே ஒரு நாள்தான் போடுவாரு, அன்னிக்கு நான் பாக்கப்போறதில்ல'ன்னா. அப்ப எதப் போடுவாருன்னு கேட்டேன். 'உங்ககிட்டதாண்ணே வந்து நிப்பாரு, இஸ்திரி போட்டு வைங்க'ன்னா."

நான் குனிந்து பார்த்தேன். நாலு விரல் மடித்துக் குத்திக்கொண்டு அன்றைக்கும் நான் போட்டிருந்தது தவுனோவின் பேண்ட்தான்.