காரணம் நேரில்

வழிகாட்டிப் புத்தகத்தைப் பாதி படித்தவரைப் போல ஆபத்தான ஆள் வேறு யாரும் இல்லை. படிக்காதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டாவது செய்வார். முழுதும் படித்தவர் நிதானமாக இருப்பார். பாதி படித்தவர்தான் பள்ளிக்கூட வாசலில் மூன்று ஜீப்பு ஆட்களை இறக்கி ஒப்பாரி வைக்க விடுவார். அந்தப் பாதி படித்தவள் நான்தான்.

போடியில் ஒரு பள்ளியின் சுகாதார அறைக்குச் செவிலியராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அறை என்றால் ஒரு கட்டில், எடை பார்க்கும் இயந்திரம், முதலுதவிப் பெட்டி, முன்பு அங்கே கிடந்த விளையாட்டுச் சாமான்களின் வாடை. பள்ளிச் செவிலியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்து, தடித்த கையேடு ஒன்றையும் கையில் கொடுத்திருந்தார்கள். அதற்கு அட்டை போட்டு, கோடிழுத்து, எதைக் கேட்டாலும் பக்க எண்ணோடு பதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்த கணக்கு சார், நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டுத் தலைவலி கூடித் திரும்பிப் போனார்.)

ஒரு திங்கட்கிழமை காலை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலை பார்த்தேன். யாழினியின் முறை வந்தது. (பெயரை மாற்றியிருக்கிறேன், கையேட்டுப் புத்தி இன்னும் போகவில்லை.) ரெட்டை ஜடையைப் பிரித்தால் உள்ளே பேன்கள் ஊர்கூடித் தேர் இழுத்துக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறக்குமுன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. வேற யாருக்கும் தெரிஞ்சா நான் பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை. போன வருடம் இதற்காகவே பட்டப்பெயர் வாங்கிய ஒரு பிள்ளை படிப்பையே நிறுத்திவிட்டாளாம். யாருக்கும் தெரியாது என்று யாழினிக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

உடனே கையேட்டைப் புரட்டினேன். மாணவரின் உடல்நிலையைப் பெற்றோர் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது. எழுத்தில் தெரிவிப்பது நல்லது என்று இருந்தது. அத்தோடு அந்தப் பக்கம் முடிந்தது. நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

யாழினியின் அம்மா செல்வி மலையில் ஏலக்காய் எடுக்கும் வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மேலே போனுக்கு சிக்னல் கிடையாது. அன்று பத்து மணிக்கு உரமூட்டை லோடு ஏற்றிக்கொண்டு மேலே போகவிருந்த ஜீப்பு டிரைவர் முருகேசனைப் பிடித்தேன். "யாழினியின் தாயார் உடனே பள்ளிக்கு வரவும். காரணம் நேரில்" என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே பள்ளி முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

என்ன விஷயம் என்று அவர் கேட்டார். "அதச் சொல்லக் கூடாதுண்ணே. அவங்கம்மாகிட்ட மட்டுந்தான் சொல்லணும்" என்றேன். முருகேசனின் முகம் சுருங்கிப்போனது. ஜீப்பில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தார். என் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மலைக்கு இழவுச் செய்தி அனுப்புவதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. செத்துப்போனார் என்று சொல்ல மாட்டார்கள். கேட்டவர் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கீழே வந்து சேர வேண்டுமே. அதனால் "உடனே கெளம்பி வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். என் சித்தப்பா இறந்தபோது மலையில் இருந்த அப்பாவுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினோம். நான் போடியிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு இது தெரியாமல் இல்லை. கையேடு கையில் இருந்ததால் தெரிந்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று ஜீப்புகள் வந்து நின்றன. எஸ்டேட்டில் அந்தப் பக்கம் வேலை செய்த சொந்தபந்தம் அத்தனையும் இடுப்பில் கட்டிய சாக்கோடு, முழங்கால் வரை சேற்றோடு இறங்கியது. யாழினியின் மாமா ஒருவர் வழியிலேயே மாலை வாங்கிவிட்டார். நடுவில் செல்வியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர் அழக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "எம்புள்ளைய எங்க போட்டுருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

புள்ளை நல்லா இருக்கா என்று கத்திக்கொண்டே, பிள்ளைகள் சாப்பிடும் வேப்பமரத்தடிக்கு ஓடினேன். அவள் டிபன் பாக்ஸ் இருந்தது, யாழினி இல்லை. ஊரே திரண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, பேன் விஷயம் மலைவரை பரவிவிட்டது என்று பயந்து எங்கோ ஒளிந்துகொண்டாள். "இப்ப இங்கதான் இருந்தா" என்று நான் சொன்னதுதான் தாமதம், யாழினியின் அத்தை பேச்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். தலைமையாசிரியர் கை கழுவாமலே ஓடி வந்தார்.

கடைசியில் என் அறைக் கட்டிலுக்கு அடியில் அவளைக் கண்டுபிடித்தோம். செல்வி அவளை இழுத்து அணைத்து, தலையோடு தலை வைத்து அழுதார். (வேண்டாம், தலை மட்டும் வேண்டாம் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.) கதவைச் சாத்திக்கொண்டு செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தலையில் கைவைத்து உட்கார்ந்து சிரித்தார், பிறகு மறுபடி அழுதார்.

வெளியே வந்தால் மாலையோடு மாமா நிற்கிறார். "புள்ளைக்கு என்ன?" என்றார். சொல்ல முடியாது என்றேன். கூட்டத்தில் கிசுகிசுப்பு கிளம்பியது. பெண்பிள்ளை, மூடிய கதவு, சொல்லக் கூடாத விஷயம் என்று ஆளாளுக்கு ஒன்று கட்டத் தொடங்கினார்கள். நான் காத்த ரகசியமே அவளுக்கு வினையாகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் மொத்தமும் சுற்றி நிற்க, யாழினி என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒண்டினாள்.

அப்போதுதான் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கையேட்டில் இல்லாததைச் செய்தேன்.

"எந்தலையில பேனு. காலைல இவ தலைய நான் தொட்டுட்டேன். ஒட்டியிருக்குமோன்னுதான் அவங்கம்மாவ வரச் சொன்னேன்."

ஒப்பாரி பாதியில் நின்றது. முதலில் சிரித்தது ஜீப்பருகே நின்ற முருகேசன். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்து, கொண்டையை அவிழ்த்துத் தலைக்குள் கையை விட்டார். ஒன்றும் இருக்காது, பொய் வெளுக்கப்போகிறது என்று நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். "இந்தா இருக்குல்ல" என்று ஒன்றை எடுத்து, தலைமையாசிரியர் பார்க்க, கட்டைவிரல் நகத்தில் வைத்து டக்கென்று நசுக்கினார். அப்புறம் இன்னொன்று. காலை முழுதும் பிள்ளைகளின் தலைமேல் குனிந்து கிடந்ததன் பலன்.

சாயங்காலம் கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பேன் அவசரநிலை அல்ல. பிள்ளை வகுப்பிலேயே இருக்கலாம். பள்ளி விட்ட பிறகு பெற்றோரிடம் சொன்னால் போதும் என்று அழகாக எழுதியிருந்தது.

அன்றிலிருந்து ஜீப்பு ஸ்டாண்டு முழுவதற்கும் நான் பேன் நர்ஸு. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்துகூட யாரோ பேனுக்கு மருந்தாகச் சீத்தாப்பழ விதைப் பொடி கொடுத்தனுப்பினார்கள். அதில் முக்கால்வாசி சத்தமில்லாமல் யாழினி வீட்டுக்குப் போனது. மூன்று வருடம் கழித்து முருகேசனையே கட்டிக்கொண்டேன். (அன்று "அண்ணே" என்று கூப்பிட்டதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.) எங்கள் கல்யாணத்துக்கு மலையாட்கள் வைத்த சீரில் ரிப்பன் கட்டிய பேன் சீப்பு ஒன்று இருந்தது. அந்தப் பேன் முதலில் யாருடையது என்று அவரிடம்கூட நான் சொல்லவில்லை.

போன மாதம் யாழினியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறைமேல் அவள் கையெழுத்தில், "உடனே கிளம்பி வரவும். காரணம் நேரில்."

போனோம். பந்தியில் என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பேன் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மேடையில் யாழினி மைக்கை வாங்கினாள். "அந்தப் பேனு எந்தலையில இருந்தது. சிஸ்டர் எனக்காகத்தான் பொய் சொன்னாங்க" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடம் கழித்து என் தலைக்கு விடுதலை.

முன் வரிசையிலிருந்து பேச்சியம்மாள் எழுந்தார்.

"புள்ள நல்ல மனசுல சொல்லுது. நம்பாதீக. நர்ஸம்மா தலையில ரெண்டு கெடந்துச்சு. எங்கையால நானே நசுக்குனேன்."