பெண் பார்க்கும் நாளில் ஒரு அப்டேட்

சம்பளம் வாங்கும் இடத்தில் மனிதர்கள் அடங்கித்தான் இருக்கிறார்கள். சம்பளமே இல்லாத வேலையில்தான் அதிகாரம் தலைக்கேறுகிறது. எனக்கு நன்றாகவே ஏறியது.

கொல்லிமலையில் எந்தப் பஸ் எங்கே, எப்போது வரும் என்று காட்டும் இலவச ஆப் ஒன்றை நாலு பேர் சேர்ந்து நடத்திவந்தோம். எல்லாரும் தன்னார்வலர்கள். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். புதுப் பதிப்பை வெளியிடும் பொறுப்பு மட்டும் என்னுடையது. (கேட்டு வாங்கினேன். போட்டிக்கு ஆளில்லை.)

அன்றிலிருந்து ஓயாத வெளியீடுதான். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் ஒரு பதிப்பு, பொத்தானின் நிறத்தை மாற்றினால் இன்னொரு பதிப்பு. போதாததற்கு, புதியதை இறக்காவிட்டால் பழையது திறக்காதபடியும் செய்துவைத்தேன். எங்களோடு வேலை செய்த சேலத்துச் செந்தில் அண்ணன் கெஞ்சிப் பார்த்தார்.

"மாசம் ஒண்ணு போதும் கண்ணு. மலையில பாதி எடத்துல சிக்னலே இல்ல. சனங்க எங்க போயி இறக்குவாங்க?"

"அடிக்கடி வந்தாத்தானுங்கண்ணா புராஜெக்ட்டு உசுரோட இருக்குதுன்னு நம்புவாங்க" என்றேன் பெரிய மேதாவி போல.

அந்தச் சமயத்தில் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையோடு போனில் பேசியிருந்தேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அவருடைய அம்மாவுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்பதுதான் கவலை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வந்தால்தான் பேச்சு என்று என் அம்மா வேறு சொல்லிவிட்டார். எங்கள் ஊருக்கு வர, மலைமேல் ஒரு கூட்டுரோட்டில் இறங்கிக் குண்டனி நாட்டுப் பஸ்ஸுக்கு மாற வேண்டும். (எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு.) "நீங்க செஞ்ச ஆப்பே இருக்குதுங்களே, பாத்துக்கறேன்" என்று மாப்பிள்ளை சொன்னார்.

அந்தப் பூரிப்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஆப்பை உருவாக்கியவர்கள் வரிசையில் கடைசியில் இருந்த என் பெயரை முதலில் ஏற்றி, பட்டுப்புடவை கட்டிய படத்தையும் சேர்த்து, அன்று காலையிலேயே வெளியிட்டேன். மாமியார் பஸ்ஸிலேயே பார்த்து அசந்துபோவார் என்று கணக்கு.

நாலு மணி தாண்டியும் ஆளைக் காணோம். போனும் கிடைக்கவில்லை. கேசரி இறுகியது, அம்மாவின் முகமும் இறுகியது. பாதி வழியில் மனம் மாறித் திரும்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அடுப்படியில் நின்று அழுதேன்.

நாலரைக்குச் சற்று முன்னால் வாசலில் ஒரு மரவள்ளிக்கிழங்கு லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். பின்னால் கிழங்கு மூட்டை மேலிருந்து மாப்பிள்ளை குதித்தார்.

கூட்டுரோட்டில் ஆப்பைத் திறந்தால், புதியதை இறக்கு என்றதாம். இறக்க அங்கே சிக்னல் இல்லை. யாரையாவது கேட்கலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதற்கு, பெண் செய்த ஆப் இருக்கும்போது எதற்கு என்று மகன் மறுத்துவிட்டாராம். முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, நேரே வேறு திசையில் இருக்கும் பைல் நாட்டில் போய் இறங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து கிடைத்தது இந்த லாரிதான்.

அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, இங்க பஸ்ஸே நாளைக்கு ரெண்டு தடவதான் வருது. அப்டேட்டு மட்டும் எதுக்குங்க நாலு தடவ வருது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு வந்ததுல என்னதான் சாமி புதுசு?" என்றார் என்னிடம்.

"எம்பேர மேல தூக்கி வெச்சனுங்க, அத்தை" என்றேன். (பொய் சொல்லியிருக்கலாம். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.)

அவர் சிரித்த சிரிப்பில் தோளில் ஒட்டியிருந்த கிழங்கு மண் உதிர்ந்தது. "புள்ள உள்ளதச் சொல்லுது. எனக்கு இது போதுமுங்க" என்று கேசரித் தட்டைக் கையில் எடுத்தார். அப்பாடா! அன்று விட்ட பெருமூச்சை அதற்குப் பிறகு நான் விட்டதே இல்லை. அவர்கள் கிளம்பியதும் செந்தில் அண்ணனைக் கூப்பிட்டு, இனி மாதத்துக்கு ஒரு வெளியீடுதான், பழையதும் திறக்கும் என்று சரணடைந்தேன்.

கல்யாணமாகி, மகளுக்கு நாலு வயதானபோது, இரண்டாவது உண்டாகியிருப்பதைக் காலையில் அவளிடமும் சாயங்காலம் அத்தையிடமும் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"பரவால்ல கண்ணு, இந்தத் தடவ நல்லா எடவெளி உட்டிருக்கற. ஆனா புதுசு வந்தாலும் பழசும் ஓடும்னு பெரியவகிட்ட நீயே சொல்லிப்போடு. காலையிலிருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறா."