நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்

சமைக்கத் தெரிந்த ஆண்களால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை. சமைக்கத் தெரியாத ஆண்களாலும் அப்படி ஒன்றும் ஆபத்தில்லை; போட்டதைத் தின்றுவிட்டு டி.வி. முன்னால் போய் விழுந்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தைப் பற்றி. வருஷத்தில் ஒன்பது மாதம் அடுப்படிப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், இலையுதிர் காலம் வந்து, பள்ளிக்கூடம் திறந்து, மழை பிடித்து, வீட்டில் ஆளாளுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிற சமயம் பார்த்து, புத்தம்புது ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இனிமே சாயங்காலச் சாப்பாடு என் பொறுப்பு, நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று பெண்டாட்டிக்கு அபயம் கொடுக்கிற ரகம். அதுவும் சாதாரணச் சமையலா? சீச்சீ. இத்தாலியச் சமையல்!

இவர் இத்தாலியைப் பார்த்தவரா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார். ஒருமுறை விமானம் மாறுவதற்காக அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டார். மிச்சம் ஒரு மணி நேரத்தில் அந்த நாட்டின் சமையல் ரகசியம் முழுவதும் இவருக்குள் இறங்கிவிட்டதாகத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் தங்கையைக் கட்டியவரே அந்த ரகம்தான், ஐயா. ஏசி ரிப்பேர் கம்பெனியில் மேற்பார்வையாளர். வெயில் காலத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது. வெயில் இறங்கியதோ இல்லையோ, ஊரில் ஒருத்தருக்கும் ஏசி வேண்டாம். மனிதர் நாலரை மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். என் தங்கையோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். இலை உதிர ஆரம்பித்தால் ஊரே இருமும். அவள் வார்டில் கட்டில் போட இடமிருக்காது. ஒருவருக்கு வேலையே இல்லாத பருவமும் இன்னொருவருக்குத் தலைக்குமேல் வேலையிருக்கிற பருவமும் ஒரே கூரைக்கடியில் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? பாஸ்தா நடக்கும்.

முதலில் சாமான் வாங்குவார். மாவைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் நாடா நாடாவாக வருகிற ஒரு மெஷினை வாங்கி, சாப்பாட்டு மேஜை விளிம்பில் திருகி மாட்டினார். அந்த மேஜையில்தான் என் மருமகள், ஆறாம் வகுப்பு, வீட்டுப் பாடம் எழுதுவாள். இப்போது அவள் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறாள். பிழிந்த பாஸ்தா காய வேண்டுமாம். துணி காயப் போடுகிற ஸ்டாண்டில் வரிசையாகத் தொங்குகிறது. அங்கே தொங்க வேண்டிய என் தங்கையின் யூனிஃபார்ம் நாற்காலி முதுகில் ஈரத்தோடு கிடக்கிறது. மழைக்காலத்தில் அது என்றைக்குக் காயும்? கேட்டால், "கடையில வாங்கற பாஸ்தாவெல்லாம் பாஸ்தாவா மச்சான்?" என்கிறார். நான் துணியைப் பற்றிக் கேட்டேன்.

அப்புறம் நேரக் கணக்கு. எந்தப் பதார்த்தத்தைக் கேட்டாலும் முப்பது நிமிஷம். முப்பதே நிமிஷம்! ஆனால் அந்த முப்பதை எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெங்காயம் நறுக்குவது கணக்கில் வராது. தக்காளித் தோல் உரிப்பது வராது. மறந்துபோன சீஸுக்காக மழையில் கடைக்கு ஓடுவது வரவே வராது. தண்ணீர் கொதித்த விநாடியிலிருந்துதான் கடிகாரம் ஓடும். தண்ணீர் கொதிக்கவே நாற்பது நிமிஷம் ஆகும், ஏனென்றால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவு அண்டாவில் வைத்திருப்பார். பாத்திரம் கழுவுவது சமையலில் சேராது என்பதும் இவருடைய சித்தாந்தம். சாமி அலங்காரத்தோடு சரி. சப்பரத்தைத் தள்ளுவது வேறு யாரோ.

கேள்விகளைச் சொல்ல மறந்துவிட்டேனே! "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்த மறு விநாடியே ஆரம்பிப்பார்.

"ஏம்மா, நம்ம வீட்ல பூண்டு எங்க வச்சிருக்கோம்?"

"வச்சிருக்கோம்" என்பதைக் கவனியுங்கள். அந்தக் "கோம்" இருக்கிறதே, அதில் எவ்வளவு பெருந்தன்மை! பத்து வருஷமாகக் குடியிருக்கிற வீடு. பூண்டு பத்து வருஷமாக ஒரே கூடையில் இருக்கிறது.

"துருவி எங்க?" "இது பெரிய ஸ்பூனா, சின்ன ஸ்பூனா?" "அடுப்ப சின்னதா வைக்கணும்னா எந்தப் பக்கம் திருப்பணும்?" "சும்மா ஒரு நிமிஷம் வந்து இதக் கிளறு, கண்ணு எரியுது." இப்படி அவள் பதினாறு முறை எழுந்து பதினாறு முறை உட்கார்ந்த பிறகு சாப்பாடு வரும். வந்ததும் சாப்பிட்டுவிட முடியுமா? "எப்படி இருக்கு?" என்பார். "நல்லாருக்கு" என்றால் போதாது. "நல்லாருக்குன்னா?" என்று கரண்டியோடு நிற்பார். பாஸ்தா லேசாகப் பல்லில் கடிபட வேண்டுமாம். அதற்கு இத்தாலியில் ஒரு பெயர் உண்டாம், "அல் தெந்தே". என் மருமகள் மென்றுகொண்டே ஒருநாள் கேட்டாள்: "அப்பா, வேகலைங்கறதுக்கு அங்க தனியா ஒரு வார்த்தையே வச்சிருக்காங்களா?" அன்றைக்கு அவளுக்கு ஐஸ்கிரீம் கட்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். அந்த வியாழக்கிழமைதான் சிரிப்பு நின்றது.

என் தங்கைக்குத் தலைமை நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. ஆறு வருஷமாகக் காத்திருந்தாள். இரண்டு முறை கைக்கு எட்டி, அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் போய்விட்டது. இது மூன்றாவது முறை. மாலை ஏழு மணிக்கு, வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டரில். காலையிலேயே சொல்லியிருக்கிறாள்: "இன்னிக்கு ஒண்ணும் பண்ண வேணாம்ங்க. ரொட்டியும் முட்டையும் போதும்."

"இன்னிக்குப் போயா ரொட்டி? பெரிய நாளாச்சே! நீ போய் நிம்மதியாப் படி, நான் பாத்துக்கறேன்."

அதோடு விட்டாரா? எனக்கும் போன். "மச்சான், கட்டாயம் வந்துடுங்க. அவளுக்குத் தைரியமா இருக்கும்." பேச்சைத் தட்ட முடியாமல் நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஏனென்று சொல்கிறேன்.

நான் போனபோது ஆறு மணி. வெளியே இருட்டிவிட்டது, வாசலில் ஈரச் செருப்புகளில் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கை படுக்கையறையில் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தாள். நடை முழுவதும் படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் இடையில்தான். நான் காபி குடித்து முடிப்பதற்குள் ஏழு முறை கூப்பிட்டுவிட்டார். ஆறு ஐம்பதுக்கு அவள் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, "அண்ணா, ஒரு அரை மணி நேரம். யாரும் உள்ள வர வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். என்னிடம் சொன்னாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் என் பொறுப்பு.

சும்மா நிற்பானேன் என்று நான் பாத்திரம் கழுவப் போனேன். தொட்டியில் எட்டுப் பாத்திரம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கலங்கலாக ஏதோ தண்ணீர். மாவும் வழவழப்புமாக, பார்த்தாலே கொட்டு என்று சொல்கிற தண்ணீர். கொட்டினேன். கிண்ணத்தைச் சோப்புப் போட்டுப் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

"மச்சான், இங்க ஒரு கிண்ணத்துல தண்ணி இருந்துதே?"

"எந்தத் தண்ணி மாப்பிள்ளை?"

"பாஸ்தா வெந்த தண்ணி! தனியா எடுத்து வச்சிருந்தேனே!"

"அழுக்குத் தண்ணின்னு கொட்டிட்டேனே."

"அழுக்குத் தண்ணியா!" மனிதர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சாஸுக்கு உயிரே அதுதான் மச்சான்! அது இல்லாம சாஸ் எப்படி ஒட்டும்? சேந்து வராதே! போச்சு, எல்லாம் போச்சு!"

மாடிப்படியிலிருந்து என் மருமகள் எட்டிப் பார்த்தாள். "கஞ்சித் தண்ணிக்கா அப்பா இவ்ளோ கத்தறீங்க?"

கஞ்சி! அந்த வார்த்தைதான் அவரைக் கொன்றுவிட்டது. ஏழு கடை ஏறி இறங்கி வாங்கிய சீஸ், இரண்டு மணி நேரம் சுண்டிய சாஸ், இத்தாலி தேசத்து மானம், எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெண் கஞ்சித் தொட்டியில் போட்டுவிட்டாள். மரக்கரண்டியில் சாஸை அள்ளினார். இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டால் சமாளித்துவிடலாம் என்றார். எவ்வளவு என்றுதான் தெரியவில்லை என்றார். அதைச் சொல்லக்கூடிய நாக்கு இந்த வீட்டில் ஒன்றுதான் என்றார். சொல்லிக்கொண்டே படுக்கையறைப் பக்கம் நடந்தார்.

"மாப்பிள்ளை! இன்டர்வியூ நடக்குது!"

"ரெண்டே செகண்ட் மச்சான். படத்துல விழாமப் போயிட்டு வந்துடறேன்."

எட்டிப் பிடித்தேன். என் கைக்கு ஏப்ரன் முடிச்சுதான் கிடைத்தது. அது அவிழ்ந்துகொண்டது. மனிதர் முட்டி போட்டுத் தவழ்ந்து உள்ளே போய்விட்டார். கரண்டியை மட்டும் சிந்தாமல் உயரப் பிடித்திருந்தார்.

கதவிடுக்கில் நானும் மருமகளும். திரையில் மூன்று முகங்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். என் தங்கை, இரண்டு நர்ஸுகள் வராத ஒருநாள் இருபத்தாறு கட்டில்களை எப்படிச் சமாளித்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன தெளிவு, என்ன நிதானம்! அப்போதுதான் மேஜைக்கடியிலிருந்து மெல்ல எழுந்தது மரக்கரண்டி. கரண்டி நுனியில் சிவப்பாகச் சாஸ். கூடவே ஒரு ரகசியக் குரல்: "உப்பு மட்டும் பாரு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆறு வருஷம்! ஒரு கரண்டி சாஸில் போகிறதே!

அவள் பேச்சை நிறுத்தவில்லை. "நெருக்கடி நேரத்துல யாருக்கு என்ன வேலைன்னு மொதல்லயே பிரிச்சுக் குடுத்துடுவேன் மேடம். தெரியாத வேலையில யாரும் தலையிடக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே இடது கையால் கரண்டியை அழுத்திக் கீழே இறக்கினாள். வெள்ளைச் சட்டைக் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"அங்க என்ன அது?" என்றார் கண்ணாடி அம்மாள்.

"சமையல் நடக்குது மேடம். என் வீட்டுக்காரர் செய்யறார்."

மூன்று முகமும் அப்படியே மலர்ந்துவிட்டன. "அடடா! குடுத்து வச்சவங்கம்மா நீங்க!" என்றார் அந்த அம்மாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரி, கடைசியா ஒண்ணு. இப்ப காலியா இருக்கறது சாயங்கால ஷிஃப்ட்தான். மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும். அதனாலயே ரெண்டு பேர் வேணாம்னுட்டாங்க. குடும்பத்தோட உங்களுக்கு..."

"சம்மதம் மேடம்."

"வீட்ல கலந்து பேசிட்டு நாளைக்குச் சொன்னாக்கூட..."

"கலந்து பேசியாச்சு மேடம்."

மேஜைக்கடியில் மண்டியிட்டபடி என் மாப்பிள்ளை பலமாகத் தலையாட்டினார். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

வெளியே வந்தவள் நின்றபடியே இரண்டு துண்டு ரொட்டியைத் தின்றாள். நாங்கள் பாஸ்தா சாப்பிட்டோம். முள்கரண்டியால் ஒரு நாடாவை இழுத்தால் தட்டிலிருந்த மொத்தமும் எழுந்து வந்தது. "பாத்தியா," என்றார் அவர், "அடுப்படியை நான் பாத்துக்கிட்டதாலதான் உனக்கு இவ்ளோ நிம்மதியா முடிஞ்சுது." என் தங்கை சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரமே சேர்ந்துவிட்டாள். மருமகள்தான் எனக்குப் போனில் செய்தி சொல்வாள்: "திங்கள் பாஸ்தா மாமா. செவ்வாயும் பாஸ்தா. புதன்கிழமை அப்பா எப்படி இருக்குன்னு கேட்டார், நான் பாடம் படிச்சிட்டிருந்தேன், கவனிக்கல. வியாழக்கிழமை ரொட்டி, முட்டை. பத்தே நிமிஷத்துல பண்ணிட்டார் மாமா! நெஜமாவே பத்து நிமிஷம்!" மெஷின் மேஜையிலிருந்து இறங்கிப் பரணுக்குப் போய்விட்டதாம். பார்க்க ஆளில்லாத இடத்தில் இத்தாலி எப்படிப் பிழைக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கேட்டேன். "சாயங்கால வேலை கஷ்டமா இல்லையாம்மா?"

"கஷ்டமா? இருபத்தாறு நோயாளிதானே அண்ணா. நல்லா ரெஸ்ட் கெடைக்குது," என்றாள்.

படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். நல்லது. நான் அப்படியில்லை, எங்கள் வீட்டில் நான் கேட்காமலே உதவி செய்வேன் என்றும் சொல்லிக்கொள்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டுக்காரம்மா சமீபத்தில் சாயங்கால வகுப்பு, சாயங்கால டியூட்டி, சாயங்கால நடை என்று எதிலாவது தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாரா? "ஆமாங்க, அவளுக்கு இதுலல்லாம் ஆர்வம் ஜாஸ்தி" என்கிறீர்களா?

என் மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்கிறார்.