வேடியப்பன் தோப்பில் நவீனக் கலை

உலகக் கலை வரலாற்றை இனி கடத்தூருக்கு முன், கடத்தூருக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் பல நூறு வருஷமாக வெட்டியாக நின்றுகொண்டிருந்த நடுகற்களுக்கு ஒருவழியாக உத்தியோகம் கிடைத்துவிட்டது. "நடுகல்லும் நவீனமும்" என்ற மாபெரும் கண்காட்சிக்குப் பின்னணியாக நிற்கும் உத்தியோகம்.

ஒரு கல்லில் செதுக்கியிருந்த வீரனின் தோளில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி தொங்கியது. தலைப்பு: "இருக்கையின் இன்மை". நடுவிலிருந்த பெரிய கல்லை ஊரார் வேடியப்பன் என்று கும்பிட்டுவந்தார்கள். அந்த அறியாமையிலிருந்து அவரைக் காப்பாற்ற, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, "தொடாதீர்கள்" என்று பலகை வைத்திருந்தார்கள்.

பதினாறு வயது சுமித்ரா அங்கே "தன்னார்வலர்". கழுத்தில் அடையாள அட்டை, கண் மட்டும் ஊர்ப் பாதையில். போன வருஷம் அவளுக்கு டெங்கு வந்தபோது அப்பா தீர்த்தன் வேடியப்பனுக்குக் கிடா நேர்ந்திருந்தார். வெட்டும் நாள் இன்று. வெட்டாவிட்டால் சாமி சும்மா விடாது. வெட்டினால் கண்காட்சி அமைப்பாளர் பிரபாகர் சும்மா விடமாட்டார்.

பம்பைச் சத்தம் கேட்டது. அப்பா, அம்மா செல்லி, மாலை போட்ட கிடா, பின்னால் சொந்தபந்தம் முழுக்க.

சுமித்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாவ்!" என்றார் பிரபாகர். "நிகழ்த்துகலை! புரோகிராம்ல சேருங்க!"

"ஏங்க, கயித்தக் கொஞ்சம் அவுக்கறீங்களா?" என்றார் தீர்த்தன்.

"வேணாங்க. கயிறும் ஒரு கேரக்டர்."

செல்லி கிடாவின் மேல் மஞ்சத்தண்ணி தெளித்தாள். கிடா உடம்பை உதறித் துளுக்கினால்தான் வெட்டலாம், அதுதான் சாமி உத்தரவு. கிடாவோ நாற்காலியை ஒரு விமர்சகரின் நிதானத்தோடு பார்த்துக்கொண்டு நின்றது.

"சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு, சீக்கிரம்!" என்றார் பிரபாகர்.

"அது இன்னும் துளுக்கலீங்க" என்றார் தீர்த்தன்.

"ஆட்டுக்கிட்டயா சம்மதம் கேக்கறீங்க?" பிரபாகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, எவ்ளோ இன்னசென்ட்!"

"ஆமா சார்." பேசியது யார் என்று சுமித்ராவே திரும்பிப் பார்த்தாள். அவள்தான். "வெட்டப்போற ஆட்டக்கூடக் கேட்டுட்டுத்தான் செய்வோம். எங்க சாமியச் சுத்திக் கயிறு கட்டுனீங்களே, யாரக் கேட்டீங்க?"

"அடியே, கம்முனு இரு!" என்றாள் செல்லி.

பிரபாகர் ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டார். "முறைப்படி மேலிடத்துல பர்மிஷன் வாங்கியிருக்கோம்மா."

அந்த நேரம் பார்த்துக் கிடா தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. வெள்ளை ஜிப்பா முழுக்க மஞ்சள் பொட்டு. பம்பை அதிர்ந்தது. தீர்த்தன் யாரையும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார். சீஃப் கெஸ்ட் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்.

சுமித்ராவுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை.

"உங்க மேலிடம் துளுக்குச்சா சார்?"